பழைய லேப்டாப்பும் ஓர் அமானிதமே

(நம் அறக்கட்டளை நடத்திய மாணவர் வழிகாட்டி நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அஸர் தொழுகை முடிந்த கையோடு இத்தனை பேர் வந்து அமர்ந்திருக்கிறீர்கள். அல்ஹம்துலில்லாஹ். மேசை மேல் ஒரு பழைய லேப்டாப், சின்னத் திருப்புளி, பெயிண்ட் பிரஷ், ஒரு அட்டை என்று பரப்பி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "செயலாளர் காக்கா எப்போது மெக்கானிக் ஆனார்கள்?" என்று முன்வரிசைத் தம்பி ஒருவர் கேட்டது என் காதிலும் விழுந்தது. நான் மெக்கானிக் இல்லை. மதரஸாவில் ஓதி, பிறகு கல்லூரியில் வணிகவியல் படித்தவன். கணக்குப் புத்தகம்தான் என் ஆயுதம். அந்தக் கணக்குப் புத்தகம்தான் என்னை இந்தத் திருப்புளியிடம் கொண்டுவந்து விட்டது.

கல்லூரி திறக்கும் மாதங்களில் நமக்கு வரும் மனுக்களில், "லேப்டாப் பழுதாகிவிட்டது, புதிது வாங்க உதவி வேண்டும்" என்று கேட்பவை ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே வருகின்றன. முன்பெல்லாம் மனுவை மட்டும் பார்ப்போம். இப்போது, "பழைய லேப்டாப்பையும் எடுத்து வாருங்கள்" என்று சொல்கிறோம். நம்மோடு ஊழியம் செய்யும் பொறியியல் மாணவர்கள் திறந்து பார்க்கிறார்கள். பல பெட்டிகளில் மதர்போர்டு நன்றாகவே இருக்கிறது. ஒன்றில் ஹார்ட் டிஸ்க் செத்திருக்கிறது; ஒன்றில் ரேம் போதவில்லை; ஒன்றில் விசிறிக்குள் பஞ்சுபோல் தூசி அடைத்திருக்கிறது. ஒரு புதிய லேப்டாப்பின் விலையில் இப்படிப்பட்ட பல பெட்டிகளுக்கு உயிர் கொடுக்கலாம். அந்தப் பணம் என்னுடையதோ தலைவருடையதோ அல்ல. ஊர்மக்களும், கடல் கடந்து உழைக்கும் நம் பிள்ளைகளும் நம்மை நம்பி ஒப்படைத்த அமானிதம்.

இன்னொன்றும் உண்டு. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அதன் பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படித்த நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கும் அது கிடைத்தது. அண்ணன் படித்து, தங்கை படித்து, இன்று பரண் மேல் துணி சுற்றிக் கிடக்கிறது. வந்திருப்பவர்களில் எத்தனை வீட்டில் அது இருக்கிறது? கை தூக்குங்கள். பார்த்தீர்களா, பாதிக்கு மேல்! அவற்றில் சிலவற்றையாவது எழுப்ப முடியும். ஆனால் ஆர்வக்கோளாறில் திறந்து, நன்றாக இருந்ததையும் கெடுத்துவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பேச்சு.

என் கையால் நடந்த தவறு

கெடுத்தவர்கள் வரிசையில் முதல் ஆள் நான்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் வீட்டுக் கூடத்திலும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்த என் மகளின் லேப்டாப், அலமாரியின் கீழ்த்தட்டில் பையோடு இருந்தது. உயிரைக் காப்பாற்றி மாடிக்கு ஏறிய நேரத்தில் அது யார் நினைவிலும் இல்லை.

தண்ணீர் வடிந்ததும் எடுத்தேன். துணியால் துடைத்தேன். யாரோ சொன்னார்கள் என்று அரிசிக்குள் புதைத்து வைத்தேன். மின்சாரம் திரும்பிய அன்று, "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சார்ஜரைச் செருகிப் பொத்தானை அழுத்தினேன். ஒரு விநாடி விளக்கு எரிந்தது. அடுத்த விநாடி தீய்ந்த வாடை. அவ்வளவுதான்.

பழுது பார்க்கும் தம்பி திறந்து பார்த்துவிட்டுச் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. "காக்கா, தண்ணீர் பாதிதான் கெடுத்தது. மீதியை உள்ளே இருந்த பேட்டரியும் நீங்கள் கொடுத்த கரண்டும் கெடுத்தன. முதல் நாளே பேட்டரி இணைப்பைப் பிரித்துவிட்டுக் கொண்டுவந்திருந்தால் பிழைக்க வாய்ப்பு இருந்தது." மதர்போர்டு போய்விட்டது. ஆனால் அவர் ஹார்ட் டிஸ்க்கைத் தனியே கழற்றி, கழுவித் துடைத்து, வேறொரு கணினியில் மாட்டினார். மகளின் ஆண்டு முழுவதற்குமான ப்ராஜெக்ட் அப்படியே கிடைத்தது. அவள் அழுகையும் நின்றது.

அன்று இரண்டு பாடம் படித்தேன். ஒன்று, எதைத் தொடுவதற்கு முன்பும் மின்சாரத்தைப் பிரிக்க வேண்டும். இரண்டு, பெட்டி வேறு, அதற்குள் இருக்கும் நம் விஷயங்கள் வேறு. இன்று நான் சொல்லப்போவது எல்லாம் இந்த இரண்டின் விரிவுதான்.

கயிறு பிடிக்க ஓர் ஆள்

நம் கடலில் முத்துக் குளித்த காலத்தைப் பார்த்த பெரியவர்கள் இன்று மிகச் சிலரே இருக்கிறார்கள். 1961-இல் நடந்ததுதான் கடைசிக் குளிப்பு. கல்லைக் கட்டிக்கொண்டு அடிக்கு இறங்குபவருக்கு மேலே தோணியில் கயிறு பிடிக்க ஒருவர் இருப்பார். அந்த வேலைக்கு மச்சானைத்தான் வைப்பார்கள் என்று நம் கடற்கரையில் சொல்வது வழக்கம். தங்கையின் வாழ்வு தன் கையில் இருக்கிறது என்பதால் கயிற்றை விடமாட்டாராம்.

லேப்டாப் திறக்கும்போதும் இரண்டு பேர் இருங்கள். ஒருவர் கழற்றட்டும். மற்றவர் வெளிச்சம் காட்டட்டும், ஒவ்வொரு படியையும் கைப்பேசியில் படம் எடுக்கட்டும், "மெதுவாக" என்று சொல்லட்டும். தம்பி கழற்றினால் தங்கச்சி கயிறு பிடிக்கட்டும். தங்கச்சி கழற்றினால் தம்பி பிடிக்கட்டும். தனியாக, இரவு பன்னிரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

திறப்பதற்கு முன்

முதலில் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். முடியாவிட்டால் தொடவே வேண்டாம். நிறுவனத்தின் சேவை மையத்துக்கே எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்து, முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் நகல் எடுங்கள். பெட்டி ஓடும் நிலையில் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். "ரேம்தானே மாற்றுகிறோம், டிஸ்க்கைத் தொடப்போவதில்லையே" என்று நினைக்காதீர்கள்.

மூன்றாவது, அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் மாடல் எண் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். லெனோவோ, ஹெச்.பி., டெல் போன்ற நிறுவனங்கள் தங்கள் பல மாடல்களுக்குப் பழுதுபார்ப்புக் கையேட்டை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. எந்த ஸ்க்ரூ எங்கே, எது முதலில், எது பிறகு என்று படத்தோடு இருக்கும். ஏதோ ஒரு லேப்டாப்பைத் திறக்கும் வீடியோவைப் பார்த்து உங்கள் லேப்டாப்பைத் திறக்காதீர்கள். ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த மாடல்கள்கூட உள்ளே வேறு வேறாக இருக்கும்.

இனி மின்சாரம். மூடியை மூடி வைத்தால் லேப்டாப் தூங்குகிறது; அணைந்துவிடவில்லை. விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தாலும், அடுத்த முறை வேகமாக எழுவதற்காகச் சில மாடல்களில் பாதித் தூக்க நிலைக்கே போகும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் முழுமையாக அணையும். பிறகு சார்ஜர், பென் டிரைவ், மெமரி கார்டு, மவுஸ் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள்.

பழைய அரசு லேப்டாப் போன்றவற்றில் அடியில் இரண்டு தாழ்ப்பாள் இருக்கும். தள்ளினால் பேட்டரி வெளியே வந்துவிடும். புதிய மாடல்களில் பேட்டரி உள்ளே இருக்கிறது. அவற்றில் அடிமூடியைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, பேட்டரியிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் இணைப்பைக் கழற்றுவது. இரும்புத் திருப்புளியால் நெம்பாதீர்கள். நகத்தாலோ பிளாஸ்டிக் துண்டாலோ இரண்டு ஓரத்திலும் மாற்றி மாற்றி மெல்லத் தள்ளுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. அதன் பிறகு பவர் பொத்தானைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சம் தங்கிய மின்சாரம் வடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. சார்ஜரின் நடுவில் இருக்கும் கறுப்புப் பெட்டியை ஒருபோதும் பிரிக்காதீர்கள். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் இருக்கும் கெபாசிட்டர் ஆளைத் தூக்கி எறியும் அளவு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். கெட்டுப்போன சார்ஜரை மாற்றுங்கள், திறக்காதீர்கள்.

கையில் இருக்கும் மின்சாரம்

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு மின்சாரம் நம் உடம்பிலேயே இருக்கிறது. நைலான் விரிப்பில் நடந்துவிட்டுக் கதவுப் பிடியைத் தொட்டால் சில நேரம் சுளீர் என்கிறதே, அதுதான். அந்தச் சுளீரை நாம் உணர்வதற்கே ஏறக்குறைய 3,000 வோல்ட் ஆகவேண்டும். சில நுண்சில்லுகள் கெட 100 வோல்ட்கூடத் தேவையில்லை. அதாவது, நமக்குத் தெரியாமலே நாம் ஒரு ரேமைக் கொன்றுவிடலாம். நம் கடற்கரையின் ஈரக்காற்றில் இந்த ஆபத்து குறைவுதான். ஆனால் ஆனி, ஆடிக் காற்றுக் காலத்து வறட்சியிலும், ஏசி போட்ட அறையிலும் கூடும்.

பரிகாரம் எளிது. கம்பளம், மெத்தை மேல் வைத்துத் திறக்காதீர்கள். மர மேசையே நல்லது. பாலியஸ்டர் உடையைத் தவிர்த்துப் பருத்தி அணியுங்கள். தொடங்கும் முன்பும் இடையிடையேயும் வர்ணம் பூசாத சன்னல் கம்பி, இரும்பு பீரோ போன்ற பெரிய உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் கட்டும் பட்டை கடையில் கிடைக்கிறது, அதுவும் நல்லது. எந்தச் சில்லையும் ஓரத்தைப் பிடித்தே தூக்குங்கள். பொன்னிறப் பற்களில் விரல் பட வேண்டாம்.

ஸ்க்ரூவுக்கு ஓர் அட்டை

இதோ இந்த அட்டையைப் பாருங்கள். கல்யாண அழைப்பிதழ் வந்த உறைதான். இதில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைத் தோராயமாக வரைந்திருக்கிறேன். எந்த இடத்து ஸ்க்ரூவோ, அதை இந்தப் படத்தில் அதே இடத்தில் குத்தி வைக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு சிரத்தை? எல்லா ஸ்க்ரூவும் ஒரே நீளம் இல்லை. மூன்று மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் எட்டு மில்லிமீட்டர் ஸ்க்ரூவை முறுக்கினால், அது மேலே இருக்கும் டச்பேடையோ மதர்போர்டையோ துளைத்துவிடும். நல்ல லேப்டாப் மூடும்போது சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

திருப்புளி சரியான அளவில் இருக்கட்டும். பெரும்பாலானவற்றுக்கு பிலிப்ஸ் பூஜ்ஜியம் அல்லது இரட்டைப் பூஜ்ஜிய அளவு பொருந்தும். நம் ஊர் உப்புக்காற்றில் ஸ்க்ரூ துருப்பிடித்து இறுகியிருக்கும். அளவு பொருந்தாத திருப்புளியால் வம்படியாகத் திருகினால் தலை மழுங்கிப் போகும். பிறகு மெக்கானிக்குக்கும் தலைவலி.

எல்லா ஸ்க்ரூவையும் கழற்றியும் மூடி வரவில்லையா? பலத்தைக் கூட்டாதீர்கள். ரப்பர் காலுக்கு அடியிலோ, ஒட்டுத்தாளுக்கு அடியிலோ ஒன்று ஒளிந்திருக்கும். சி.டி. போடும் தட்டு உள்ள பழைய மாடல்களில் அதை முதலில் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். பிறகு பழைய ஏ.டி.எம். அட்டை ஒன்றை விளிம்பில் நுழைத்து நகர்த்தினால், கொக்கிகள் ஒவ்வொன்றாக விடும்.

கீபோர்டை எடுப்பவர்கள் சட்டென்று தூக்கிவிடக் கூடாது. அடியில் தாள்போல் மெல்லிய ரிப்பன் கேபிள் இருக்கும். அது செருகியிருக்கும் இடத்தில் நகக்கண் அளவு ஒரு தாழ் உண்டு. சிலவற்றில் மேலே தூக்க வேண்டும், சிலவற்றில் முன்னால் இழுக்க வேண்டும். தாழைத் திறந்தால் கேபிள் தானாக வழுக்கிக்கொண்டு வரும். இழுத்துப் பிடுங்கினால் தாழ் உடைந்துவிடும். அந்தத் துக்கடாத் தாழுக்காக மதர்போர்டையே மாற்றச் சொன்ன கதைகள் உண்டு.

ரேமும் டிஸ்க்கும்

நாம் வீட்டில் மாற்றக்கூடியவற்றில் பயன் அதிகம் தருபவை இந்த இரண்டும்தான்.

ரேமின் இரு பக்கமும் சின்னக் கைகள் பிடித்திருக்கும். இரண்டையும் வெளிப்பக்கம் விலக்கினால் ரேம் தானே சாய்வாக எழும்பும். அதே சாய்வில் வெளியே எடுங்கள். புதியதை வைக்கும்போதும் அதே சாய்வில் நுழைத்து, பற்கள் முழுவதும் உள்ளே போன பிறகு கீழே அழுத்தினால் "க்ளிக்" என்று பிடித்துக்கொள்ளும். பற்களுக்கு நடுவே ஒரு வெட்டு இருக்கிறது. அது பொருந்தாவிட்டால் வகை தவறு என்று பொருள். டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 ஒவ்வொன்றுக்கும் வெட்டு வேறிடத்தில். டி.டி.ஆர்.3-லேயே சாதாரணம் 1.5 வோல்ட், எல் என்ற எழுத்து சேர்ந்தது 1.35 வோல்ட். குறைந்த வோல்ட் மட்டுமே ஏற்கும் லேப்டாப்பில் சாதாரணத்தைப் போட்டால் எழும்பாது. ஆகவே பழைய ரேமையே கடைக்கு எடுத்துச் சென்று காட்டி வாங்குங்கள். சில மெல்லிய மாடல்களில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அதை நாம் மாற்ற முடியாது.

பழைய லேப்டாப் ஆமைபோல் நகர்வதற்கு முக்கியக் காரணம் சுழலும் ஹார்ட் டிஸ்க். அதன் இடத்தில் எஸ்.எஸ்.டி. போட்டால், உம்ராவுக்குப் போய்வந்த பெரியவர்போல் முகமே மாறிவிடும். பழைய மாடல்களுக்கு 2.5 அங்குல சாட்டா வகை. பழைய டிஸ்க்கைச் சுற்றியுள்ள தகரச் சட்டத்தைக் கழற்றிப் புதியதற்கு மாட்ட மறக்காதீர்கள். பழையது 9.5 மில்லிமீட்டர் தடிமனாகவும் புதியது 7 மில்லிமீட்டராகவும் இருந்தால், சட்டம் இல்லாமல் அது ஆடும். புதிய மாடல்களில் சூயிங்கம் பட்டைபோல் எம்.2 வகை இருக்கும். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம். அதிலும் சாட்டா, என்.வி.எம்.ஈ. என்று இரண்டு வகை. பார்ப்பதற்கு ஒன்றுபோலத் தெரியும். எது ஏற்கும் என்பதைக் கையேட்டில் பாருங்கள்.

மாற்றியதும் எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கிவிடாதீர்கள். மூடியைப் பொருத்தி, பேட்டரியை இணைத்து, ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். புதிய ரேமுக்கு முதல் முறை திரை வரக் கொஞ்சம் நேரம் ஆகலாம். வரவே இல்லையென்றால் பதறாமல் மறுபடியும் மின்சாரத்தைப் பிரித்து, ரேமை எடுத்துத் திரும்பச் செருகுங்கள். பெரும்பாலும் அது சரியாக உட்காராததுதான் காரணம்.

மென்பொருள் பற்றி ஒரு வரி. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 பழைய பெட்டிகள் பலவற்றை ஏற்காது. லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். பாடம் படிக்க, கட்டுரை எழுத, நிரல் பழக அது தாராளமாகப் போதும்.

தூசியும் உப்பும்

நம் ஊரில் கடலும் உப்பளமும் இரண்டு பக்கமும் இருக்கின்றன. சன்னல் கம்பியைத் தின்னும் காற்று லேப்டாப்பை மட்டும் விட்டுவிடுமா? விசிறியில் தூசி அடைந்தால் சூடு வெளியேறாது. சூடானால் வேகம் குறையும், திடீரென்று அணையும். விசிறியின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த மென்மையான பிரஷால் சுத்தம் செய்யுங்கள். பிடிக்காமல் காற்றடித்தால் அது வெறியோடு சுழன்று பழுதாகும்.

பற்களில் பச்சை படிந்திருந்தால் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடைத்து, முழுக்க உலரவிட்டுப் பொருத்துங்கள். சானிடைசர் கூடாது, அதில் தண்ணீரும் பசையும் உண்டு. ஒரு பெரியவர், "வாசனையாகவும் இருக்கட்டும்" என்று அத்தரைத் தொட்டுத் துடைத்துக் கொண்டுவந்தார். எண்ணெய்ப் பசையில் தூசி அப்பி, இருந்ததும் போனது. ஆனால் பெட்டி மணத்தது!

வெள்ளமோ தேநீரோ உள்ளே போய்விட்டால் பொத்தானைத் தொடாதீர்கள். சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, பேட்டரியைப் பிரித்து, கவிழ்த்து வைத்து, அன்றைக்கே தெரிந்தவரிடம் எடுத்துச் செல்லுங்கள். அரிசி எதையும் உறிஞ்சி எடுக்காது. உப்பும் சேறும் உள்ளேயே நின்று அரித்துக்கொண்டிருக்கும். இது என் காசில் நான் படித்த பாடம்.

எங்கே நிறுத்த வேண்டும்

இப்போது நான் சொல்வதைத் தாய்மார்கள் குறிப்பாகக் கேட்க வேண்டும்.

டச்பேட் மேடாக எழும்புகிறதா? அடிமூடி பிதுங்குகிறதா? லேப்டாப் மேசையில் ஆடுகிறதா? உள்ளே பேட்டரி வீங்கிவிட்டது. அதில் லித்தியம் அயனி மின்கலங்கள் இருக்கின்றன. உள்ளே வேதிப்பொருள் சிதைந்து வாயு உண்டாகி உப்பியிருக்கிறது. ஒரு கத்தி முனை, ஒரு திருப்புளிக் கீறல், ஓர் அழுத்தம் போதும்; உள்ளடுக்குகள் ஒன்றையொன்று தொட்டு, சில விநாடிகளில் தீ சீறும். அந்தப் புகை நச்சு.

ஆகவே வீங்கிய பேட்டரியைச் சார்ஜ் செய்யாதீர்கள். குத்தாதீர்கள். அமுக்கி மூடப் பார்க்காதீர்கள். லேப்டாப்பை அணைத்து, பிள்ளைகளும் திரைச்சீலையும் மெத்தையும் இல்லாத இடத்தில், வெயில் படாமல், சிமெண்ட் தரையில் வையுங்கள். கழற்றுவதை அனுபவமுள்ளவரிடம் விடுங்கள். புகை வந்துவிட்டால் பொருளைக் காப்பாற்ற ஓடாதீர்கள். எல்லோரும் வெளியே வாருங்கள். தீயணைப்புத் துறையின் 101-ஐ அழையுங்கள். லேப்டாப் போனால் இன்னொன்று வரும்.

நல்ல பேட்டரியையும் பசை போட்டு ஒட்டியிருந்தால் நெம்பி எடுக்காதீர்கள். புதிய பேட்டரி வாங்கும்போது விலை மலிவை மட்டும் பார்க்காமல், மாடல் எண்ணும் வோல்ட் அளவும் பொருந்துகிறதா, இந்தியத் தர அமைப்பின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

திரை மாற்றுவது, பற்றவைப்பது, மதர்போர்டில் கை வைப்பது, இவை அனைத்தும் தொழில் தெரிந்தவர் வேலை. எல்லை தெரிந்து நிறுத்துவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. முத்துக் குளித்தவர்கள்கூட மூச்சு முட்டுவதற்கு முன்பே கயிற்றை அசைத்துவிடுவார்கள்.

டிஸ்க்கில் இருக்கும் வீட்டு மானம்

கடைசியாகச் சொல்வதைத்தான் நான் முதன்மையாக நினைக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம், "ஏழைப் பிள்ளைக்குக் கொடுங்கள்" என்று பழைய லேப்டாப் ஒன்றை நம் அலுவலகத்தில் தந்தது. நல்ல எண்ணம்; அல்லாஹ் நற்கூலி தரட்டும். சோதித்துப் பார்க்கத் திறந்தால், திரையிலேயே வீட்டுக் கல்யாணப் படங்கள். பெண்கள், குழந்தைகள், பாஸ்போர்ட் நகல், வங்கித் தாள். உடனே மூடிவிட்டு அவர்களை அழைத்தேன். அந்த உம்மாவின் முகம் வெளிறிப் போனது. "அழித்துவிட்டோமே, செயலாளர்" என்றார்கள். சில கோப்புகளை அழித்திருந்தார்கள். மற்றவை வேறொரு மூலையில் இருந்தன. அழித்தவையும் முழுதாகப் போய்விடுவதில்லை. சுழலும் டிஸ்க்கில் ஒரு கோப்பை அழித்தால் அதன் பெயர்தான் பட்டியலிலிருந்து போகிறது. அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை தெரிந்தவர் மீட்டுவிடலாம்.

அந்தப் பெட்டி யார் கையிலோ போயிருந்தால்? யோசித்துப் பாருங்கள்.

அதனால், கீபோர்டோ திரையோ மாற்றக் கடையில் கொடுக்கும்போது, முடிந்தால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய மாடல்களில் அது ஒரு மூடி, இரண்டு மூன்று ஸ்க்ரூ. அவ்வளவுதான். நம் பெண்பிள்ளைகள் இந்த ஒரு வேலையையாவது கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். தங்கள் படங்களைத் தாங்களே காத்துக்கொள்ள அவர்கள் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. பிறருக்குக் கொடுப்பதற்கு முன் டிஸ்க் முழுவதையும் மேலெழுதி அழியுங்கள். விண்டோஸில் ரீசெட் செய்யும்போதே முழுமையாகத் துடைக்கும் தேர்வு உண்டு. செத்துப்போன டிஸ்க்கைப் பழைய இரும்புக்குப் போடும் முன் துளையிட்டு உடைத்துவிடுங்கள்.

பழுது பார்க்கும் தொழிலில் இருக்கும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கைக்கு வருவது பெட்டி மட்டும் இல்லை. ஒரு வீட்டின் உள்ளறை. பழுதுக்குத் தேவையில்லாத எதையும் திறந்து பார்க்காதீர்கள். கழற்றிய பழைய பாகத்தை, அது செத்ததே ஆனாலும், உரியவரிடமே திருப்பிக் கொடுங்கள். நல்ல ரேமை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகுவது திருட்டு. யாரும் பார்க்கவில்லை என்று நாம் நினைப்பது நம் அறியாமை.

கழற்றிய பேட்டரியையும் பலகையையும் குப்பையில் போடாதீர்கள். தெருவோரம் வயரை எரித்துச் செம்பு எடுப்பவர்களிடமும் கொடுக்காதீர்கள். அந்தப் புகையை நம் குழந்தைகள்தான் சுவாசிக்கின்றன. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படியும் பேட்டரிக் கழிவு விதிகளின்படியும், பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடமே இவை போய்ச்சேர வேண்டும்.

அன்பானவர்களே! பரண் மேல் இருக்கும் லேப்டாப்பை இன்று இறக்குங்கள். அது வீங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நன்றாக இருந்தால், அடுத்த ஞாயிறு லுஹருக்குப் பிறகு எடுத்து வாருங்கள். நம் மாணவர்கள் கயிறு பிடிப்பார்கள், நீங்களே திறக்கலாம். சரியானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால் டிஸ்க்கைத் துடைத்துவிட்டு, படிக்கக் காத்திருக்கும் ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். அந்தப் பிள்ளை அதில் படிக்கும் ஒவ்வொரு பாடத்திலும் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கும், இன்ஷா அல்லாஹ்.